எங்களுக்கு அரை போதும்

5.5.2025, திங்கள்

எழுபத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு நோட்டு. முதலில் ‘ஊடு’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘வீடு’ என்று எழுதினேன். வாயில் வருவது வேறு, நோட்டில் வருவது வேறு என்று முதியோர் வகுப்பில் கிருத்திகா டீச்சர் சொன்னது சரிதான்.

பக்கத்து மனையில் புது வீடு கட்டப்போகிறோம். நாச்சிமுத்து எழுதியது. (என் பேரை எழுத ஆசையாக இருந்தது.)

9.5.2025, வெள்ளி

பிளான் போடும் தனப்பிரியா திருச்செங்கோட்டிலிருந்து வந்தாள். நான் படிப்பதற்காகவே தமிழில் எழுதி வந்திருந்தாள். கூடம். சமையல். பூஜை. மாடிப்படி. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

“அப்பா படிக்கறாருங்க!” என்றான் மகன் அப்புசாமி. எனக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

கீழ் ரூமில் ‘விருந்தினர்’ என்று இருந்தது. ‘அம்மா அப்பா’ எங்கே என்று தேடினேன். மாடியில். பதினெட்டுப் படி. என் வீட்டுக்காரி சென்னியம்மாளின் முழங்காலுக்கு ஆகுமா? ஆனால் காற்று வரும் என்று மகன் ஆசையாகச் செய்தது, அவன் முன்னால் எப்படிச் சொல்வது?

தனப்பிரியாவே, “மனசுல இருக்கறதப் பிளான் மேலயே எழுதிக் குடுங்கய்யா” என்று பென்சிலைக் கொடுத்தாள். யாரையும் கேட்காமல் எழுதினேன்: ‘கீழே எங்களுக்கு அரை போதும்.’

10.5.2025

பிளானில் என் கையெழுத்து இருப்பதை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. கடைக்கார மாதையனிடம் இரண்டு தடவை.

19.5.2025, திங்கள்

புதுப் பிளான் வந்தது. கீழ் ரூமுக்கு நடுவில் ஒரு சுவர்! ஒரு பக்கம் ‘அம்மா அப்பா’, மறுபக்கம் ‘சாமான்’. ஒரு கட்டில்தான் போடலாம்.

அப்புசாமியைக் கேட்டேன். “நீங்கதானுங்கப்பா பாதி போதும்னு எழுதிக் குடுத்தீங்க” என்கிறான். நான் எங்கே அப்படி எழுதினேன்?

“உடுங்க, நாங் கீழ பாயில படுத்துக்கறன்” என்கிறாள் சென்னியம்மாள். படுத்துக்கொள்வாள். எழுவது எப்படி?

20.5.2025

பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். தேங்காய் மூடி படம், கீழே ‘அரை’. இரண்டு பக்கம் தள்ளி, கதவும் ஜன்னலும் போட்ட படம், கீழே ‘அறை’.

அட, என்ன காரியம் பண்ணிப்போட்டன்!

சொன்னால் சிரிப்பார்கள். ஊரெல்லாம் பெருமை அடித்தது வேறு. சொல்லாவிட்டால் — அவள் பாயில்.

21.5.2025

இன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை.

22.5.2025, வியாழன்

கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்த சென்னியம்மாள் எழ முடியாமல் கதவைப் பிடித்துத் தொங்கினாள். தூக்கி நிறுத்திவிட்டு நேராக மகனிடம் போனேன். புத்தகத்தைப் பிரித்து இரண்டு படத்தையும் காட்டினேன். “நான் கேட்டது இது. எழுதினது இது.”

அவன் சிரிக்கவில்லை. “எழுத்து தப்புனது உங்களுக்கு. பாதி போதும்னா ஏன் போதும்னு நாங் கேட்டிருக்கோணுமில்லீங்கப்பா?” என்றான். அங்கேயே தனப்பிரியாவுக்குப் போன் போட்டான்.

சிரித்தது சென்னியம்மாள்தான். “ஓரெழுத்துக்கு ஒரு செவுருங்களா! அறைன்னா கன்னத்துல உடறதல்லங்க?”

“அதுவுந்தான்.”

“அது வேணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமுங்களே!”

மூன்று பேரும் சிரித்தோம். டீக்கடையிலும் நானே சொல்லிவிட்டேன்.

5.6.2025, வியாழன்

மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். கீழே நடுச்சுவர் இல்லை. இரண்டு கட்டில், பெரிய ஜன்னல்.

சென்னியம்மாள் கோட்டை மிதிக்காமல் வாசல் வரும் இடம் வழியாகவே உள்ளே போனாள். நாற்காலி போடச் சொல்லி, ஜன்னல் வரப்போகும் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

மீந்த பொடியை வாங்கி அவள் காலடியில் பெரிதாக எழுதினேன். அ. அப்புறம் றை. நிதானமாக.

“என்னுங்க எழுதறீங்க?”

“ரூமுன்னு.”

“முழுசா எழுதுங்க.”

முழுசாகத்தான் எழுதினேன்.