முத்தரசு என்று சொல்லிவிட்டேன்

காரைக்குடி,
திங்கள் காலை.

அன்பு மகள் நாகஜோதிக்குச் சித்தப்பா ஆசைத்தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி பாண்டீஸ்வரியும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கீர்த்தியும் அப்படியே இருக்கக் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது இந்த மனுசனுக்குப் பேனா எதற்கு என்று நினைப்பாய். போனில் என் வாய் என்னைக் கேட்காமல் ஓடிவிடுகிறது ஜோதி, எழுதும்போது எழுத்துக் கூட்டவே நேரமாகிறது, அதற்குள் பொய் அலுத்துப்போகிறது. நான் எட்டாவதுதான், ஆனால் அந்தக் காலத்து எட்டாவது இன்றைக்கு பி.ஏ.வுக்குச் சமம். போன மாதம் கானாடுகாத்தான் ஓட்டலில் நான் செய்த அலமாரியைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், அவர் அவர்கள் ஊர் மந்திரி மாதிரி இருந்தார், மந்திரியேதான் என்று வைத்துக்கொள். அதே அலமாரிக்குக் கீல் பொருத்தும்போதுதான் குடித்த குடியில் ஒரு திருகாணியைக்கூட நேராக இறக்க முடியாமல் வெளியே வந்து உட்கார்ந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. குடியை விட்டு ஆறு மாதமாச்சு என்று சொன்னேன். நீயும் நம்பி, தையில் வருகிறோம், கீர்த்திக்கு உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்து என்று டிக்கெட் போட்டுவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை.

குடியை விட மருந்து கேட்டுப் போன ஆஸ்பத்திரியில் நர்சம்மாதான் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தது, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடுகிற கூட்டமாம், "அங்கன பேரு ஊரு ஒண்ணும் கேக்க மாட்டாக, தைரியமா போங்கண்ணே" என்றது. காரைக்குடியில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது, அதனால் தேவகோட்டைக் கூட்டத்துக்கே விலாசம் வாங்கிக்கொண்டு நேற்று சாயங்காலம் பஸ் ஏறினேன். யாரும் பார்த்தால் வேலைக்குப் போவதாகத் தெரியட்டும் என்று உளிப்பையையும் தோளில் போட்டுக்கொண்டேன். கூட்டம் ஒரு பள்ளிக்கூட மாடியில். வாசலில் வாட்ச்மேன், "எங்குட்டுப் போறீக ஆசாரியாரே, பெஞ்சு ரிப்பேரா?" என்று கேட்க, நானும் ஆமாம் என்றுவிட்டேன். அவர் நேரே ஓர் அறைக்குக் கூட்டிப்போய் கால் ஆடுகிற மூன்று பெஞ்சைக் காட்டினார். என்ன செய்ய, உட்கார்ந்து மூன்றையும் சரிபண்ணினேன், இனி அதில் யானையே உட்காரலாம். மாடியில் கைதட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பொறுக்காமல் படியேறினால் பின்னாலேயே வருகிறார் வாட்ச்மேன். "மேலதான் வந்தீகன்னா மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நானும் அங்கனதான் போறேன், எனக்கு இது நாலாவது வருசம்" என்று சிரிக்கிறார். பெஞ்சுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே முந்நூறு பேர் என்று எழுத வந்தேன், பதினான்கு பேர். ஒவ்வொருவராக என் பெயர் இன்னது, நான் குடிநோயாளி என்கிறார்கள், எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள். நர்சம்மா சொன்னதை வைத்து, சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே நல்ல பெயராக இரண்டு யோசித்தும் வைத்திருந்தேன், என் முறை வந்ததும் இரண்டும் போய்விட்டது, முத்தரசு என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பெயர். அண்ணன் என்பதைத் தவிர இந்த வாய் அவரை வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை, ஆபீசில் அவர் பெயரைக் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். பதினான்கு பேரும் ஒரே குரலில் "வணக்கம் முத்தரசு" என்றார்கள். அவர் போய் ஒன்பது வருசமாகிறது, அவர் எதனால் போனார் என்று உனக்கும் தெரியும். இப்படி ஓர் இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும். அங்கே சொன்னேன். அது அண்ணன் பெயர், நான் ஆசைத்தம்பி என்றும் சொன்னேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார், "சரி, இவருக்கும் ஒரு வணக்கம் போடுங்கப்பா, ஒருத்தரா வந்து ரெண்டு பேரா உக்காந்திருக்காரு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். எத்தனை நாளாச்சு என்று கேட்டார். ஆறு மாதம் என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பத்தொன்பது நாள் என்றேன். அதற்குக் கைதட்டினார்கள், என் கல்யாணத்தில்கூட எனக்கு யாரும் அப்படித் தட்டவில்லை.

இன்றைக்கு இருபது. விடிந்ததிலிருந்து ஏழு டீ குடித்துவிட்டேன், அமராவதிபுதூர் வரை நடந்துவிட்டு வந்தேன், இந்தக் கடிதத்துக்கு நடுவில் மட்டும் நான்கு தடவை எழுந்து வாசலுக்குப் போனேன். சித்தி என் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு போவேன் என்று உன்னிடம் அடித்துச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, போக வேண்டும் என்றுதான் இருக்கிறேன். தையில் கீர்த்தியை என் மடியில் வைப்பதா இல்லையா என்பதை அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து நீயே முடிவு பண்ணு, எதுவானாலும் எனக்குச் சம்மதம், வருத்தம் இருக்கும், சம்மதம். பேத்திக்கு ஏசியில் தலைக்கு ஊற்றாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பும்படியாக நீண்ட காலம் வாழவேண்டும் என்று உன் சித்தியும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் எத்தனை நாளாச்சு சித்தப்பா என்று கேள். நான் பட்டென்று பதில் சொன்னால் நம்பாதே. கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தால் போனை வைத்துவிடாதே, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மு. ஆசைத்தம்பி
(சொந்தப் பெயர்தான்)