சாந்தம்மாவின் மாடு ஏப்பம் விடாத நாள்

ஜவளகிரி,
14.11.2007, புதன்கிழமை.

அன்பு மகள் மணிமேகலைக்கு உன் அம்மா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ படிக்கிற ஹாலந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே. காதை மூடிக்கொண்டு போ. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே கிளம்பாதே.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. பேசினால் அவர் காதுபடத்தான் பேச வேண்டும். அதனால் இதை உன் மாமா மகன் பிரதாப்பிடம் கொடுக்கிறேன். நாளை ஷிப்ட் முடிந்ததும் ஓசூர் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் எடுத்து உனக்கு மெயிலில் அனுப்புவதாகச் சொன்னான். உறையை ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன். ஒட்டினால் எப்படி அத்தை ஸ்கேன் எடுப்பது என்று சிரிக்கிறான். அவன் படித்தால் படிக்கட்டும். எனக்கு இனி மறைத்து வைக்கத் தெம்பில்லை.

சாந்தம்மாவின் மாடு லட்சுமி செத்துப்போனதை அப்பா உனக்குப் போனில் சொன்னார். நீ என்ன கேட்டாய்? கழுத்தில் கட்டியிருந்த டப்பா பத்திரமா என்று கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். டப்பா பத்திரமாக இருக்கிறதம்மா. மாட்டைப் புதைத்த மறுநாள் சாந்தம்மாவே கொண்டுவந்து தந்தாள். முகத்தில் மாட்டும் வார், மூச்சைப் பிடிக்கிற சின்னக் குழாய், டப்பா, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு துண்டில் சுற்றியிருந்தாள். "மணிப் பாப்பாவுக்கு வேணுமில்ல அக்கா, எடுத்து வைங்க" என்றாள்.

சித்திரையில் நீ பால் சொசைட்டியில் ஊரைக் கூட்டிப் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் என்று ஒரு வாயு வருகிறது, அது உலகத்தைச் சூடாக்குகிறது என்றாய். வெளிநாட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதற்கென்றே சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள், நாளைக்கு நமக்கும் வரும், அதற்கு முன்னால் தீவனத்தில் மருந்து கலந்து நாமே குறைத்துக் காட்டிவிடலாம் என்றாய். சிப்காட் புகைக்குழாய்களை விட்டுவிட்டு என் மாட்டின் வாயைப் பிடிக்க வந்தாயே என்று நான் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே, "இனிமே ஏப்பம் வுடாத மாடுதான் நல்ல மாடு" என்றாய்.

உனக்கு அது தமாஷ். இங்கே அதுவே வேதவாக்காகிப் போனது. பால் ஊற்ற வரும் பெண்கள் எல்லாம் யார் மாடு குறைவாக ஏப்பம் விடுகிறது என்று பீற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதில் சாந்தம்மாதான் முதல் ஆள். யானை மிதித்துப் புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அதையே உன் ஆராய்ச்சிக்குக் கொடுத்தாள். கேட்டால், நம்ம ஊட்டுப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும் என்பாள்.

உன் மருந்துத் தீவனத்தை மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. வேறு எதுவும் போடக் கூடாது என்பது உன் கண்டிப்பு. வாயில்லா ஜீவன் பட்டினி கிடப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? தோட்டங்களில் கோஸ் அறுவடை நடக்கிறது. கழித்துப் போட்ட இலையை ஆளாளுக்குக் கட்டிக்கொண்டு வந்து போட்டோம். மழையில் ஊறிய இலை, அளவு மீறினால் வயிற்றில் வாயு கட்டும். சாந்தம்மா மட்டும் போடவில்லை, நம் வீட்டிலும் போட்டோம்.

இனிமேல் எழுதப்போவது உனக்கும் எனக்கும் சாந்தம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கூப்பிட்டபோது அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுத் தளிக்குப் போயிருந்தார். உன் போன் என்றதும் நம் திண்ணையிலிருந்த சாந்தம்மா ஓடிவந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். "மணி, காலையிலருந்து என் லச்சுமி ஒரு ஏப்பம் கூட வுடல. அசையும் போடாம சாமியாராட்டம் நிக்குது" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். நீ, "சூப்பர் அக்கா, மருந்து வேலை செய்யுது" என்றாய். எனக்கும் கேட்டது.

ஏப்பமும் அசையும் நின்றால் வயிறு உப்பப்போகிறது என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாந்தம்மாவுக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா? படித்தவள் நீ நல்லது என்று சொன்ன பிறகு எங்கள் புத்தி வேலை செய்யவில்லை. இடது வயிறு தூக்கியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கக் கூடாதா? அவசரமாக இருந்திருப்பாய், லைப்ரரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருப்பாய் என்று நானே உனக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு திரிகிறேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது வயிறு தம்பட்டம் மாதிரி இருந்தது. எண்ணெய் ஊற்றினோம், ஏப்பம் வரட்டும் என்று வாயில் வேப்பங்குச்சியைக் கட்டினோம். தேன்கனிக்கோட்டையிலிருந்து டாக்டர் வந்து சேர்வதற்குள் கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டது.

மறுநாளே பெங்களூரிலிருந்து உன் ஆராய்ச்சித் திட்டத்து அதிகாரிகள் வந்தார்கள். வேறு தீவனம் போட்டிருந்தால் அது சாந்தம்மாவின் தப்பு, ஒன்றும் கிடைக்காது என்றார்கள். திட்டத்து ஆட்கள் சொன்னதைக் கேட்டு நடந்தது என்றால் அவளுக்கு வேறு மாடு வாங்கித் தருவார்களாம். ஆனால் ஆராய்ச்சியை அதோடு நிறுத்திவிடுவார்களாம். சனிக்கிழமை காலை சொசைட்டியில் கூட்டம். தலைவர் என்ற முறையில் உன் அப்பா எழுந்து சொல்ல வேண்டும்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும், தப்பு சாந்தம்மாவுடையது என்பார். அதிகாரிகளின் ஜீப் வருவதற்கு முன்னால் நம் கொட்டகையில் கிடந்த கோஸ் இலையைக் கூட்டி வாரி எருக்குழியில் தள்ளி மண்ணைப் போட்டார். இது நியாயமா என்று கேட்டதற்கு, "மாடு போனா வேற மாடு வரும். புள்ள படிப்பு போனா?" என்றார். நீ போனில் சொன்னதை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னாலும் அவர் மாற மாட்டார், இன்னும் பயந்துதான் போவார். கெட்டவர் இல்லை உன் அப்பா. ராத்திரிச் சோறு பாதியிலேயே நிற்கிறது. சாந்தம்மா வீட்டு வழியாகப் போக முடியாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். மணி சொன்னதை நீ ஏன் அதிகாரிகளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் வாயத் தொறந்தா புள்ளைய அங்கிருந்து அனுப்பிடுவாங்களாம் அக்கா. அது என்ன வேணும்னேவா சொல்லிச்சி?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். கன்னடத்தில் நாலு வார்த்தை என்னைத் திட்டமாட்டாளா என்று உட்கார்ந்திருந்தேன். திட்டவே இல்லை. பால் கறக்கிற நேரம் ஆனதும் எழுந்துபோய்க் காலிக் கொட்டகையைக் கூட்டினாள்.

நேற்று நீ மறுபடி கூப்பிட்டாய். என் முட்டி வலியைக் கேட்டாய், மழையைக் கேட்டாய். சாந்தம்மா பேரை எடுக்கவே இல்லை. அப்போதே தெரிந்துகொண்டேன், உனக்கும் தூக்கம் இல்லை என்று.

சனிக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கூப்பிடு. உன் கால் பிடித்துக் கேட்கிறேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொல். அன்றைக்கு சாந்தக்காவிடம் என்ன சொன்னேன் என்று நீயே சொல். உன்னை அனுப்பிவிட்டால் வந்துவிடு. உனக்கு இங்கே சோறும் இடமும் இருக்கிறது. நீ பேசாவிட்டால் உன் அப்பா உட்கார்ந்த பிறகு நான் எழுந்திருப்பேன். இத்தனை ஆண்டில் அந்தக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் வார்த்தை பெற்ற மகளுக்கு எதிராக வர வேண்டாம். அந்தப் பாவத்தை என்னைச் செய்ய வைக்காதே.

இப்போது கொட்டகையில் நம் கௌரி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆஞ்சநேயர் உன்னைக் காப்பாற்றட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை போன் மணி அடிக்கட்டும் தாயே.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா
வெ. சென்னம்மாள்