ஒரு கை அண்ணன், ஒரு கை தம்பி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று அம்மா நம்புகிறாள், நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

"ஸாரி சொல்லிட்டேனேப்பா, அக்கா இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா?" என்று போன வாரம் கேட்டாயே. வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய், பதில் நீளமாகத்தான் வரும். அன்று அக்கா தையல் கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், அவள் தைத்து அனுப்பிய சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு நீ "நீ தைச்ச சட்டையில ஒரு கை அண்ணன், ஒரு கை தம்பி" என்று கத்தினாய். நல்ல கிண்டல்தான், நானே சிரித்திருப்பேன். எதிரில் விடுதிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். தன் பணியாளர்களுக்குச் சீருடை தைக்கக் கொண்டுவந்த துணிக்கட்டை, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வேலையை நம்பி அக்கா வரவழைத்த இரண்டாவது மெஷின் பிரிக்காமலே மூலையில் நிற்கிறது, அம்மா அதன்மேல் துணி மடித்து அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பிறகு நீ கூப்பிட்டு, "நான் மனுஷனே இல்லக்கா" என்று அழுதாய். "விடுடா, தண்ணி குடி" என்று அக்காதான் உன்னைத் தேற்றினாள். என் வகுப்பில் ஒருவன் பக்கத்துப் பெண்ணின் களிமண் யானையை மிதித்துவிட்டு ஓவென்று அழுதான், யானைக்காரியே அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள், யானை நசுங்கியபடியே கிடந்தது. உன் அழுகை நிஜம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அதில் அக்காவின் கடை எங்கேயப்பா வந்தது?

அந்தச் சட்டைக்கு அளவு எடுத்து அனுப்பியது யார்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அம்மாவிடம் அரட்டை அடித்தபடி நீயேதான் டேப்பைப் பிடித்தாய். கோணி நின்றவன் கொடுத்த அளவுக்குச் சட்டை கோணாமல் என்ன செய்யும்? அக்கா இதைப் பற்றி விடுதிக்காரம்மாவிடம் மூச்சு விடவில்லை. "தம்பியைப் பத்தி வெளியாளுகிட்ட எப்படிப்பா குறை சொல்றது" என்கிறாள். மனம் வருந்துவது என்றால் எனக்குத் தெரிந்தவரை, மிதித்த இடத்துக்கே திரும்பிப் போய்க் குனிவதுதான். நீயோ வசதியான இடத்தில் குனிந்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று அக்காவிடமே முறையிடுகிறாய்.

அம்மா நல்லாயிரு என்று வாழ்த்துகிறாள், என் ஆசியும் உண்டு. நீ கெட்டவன் இல்லை, கெட்டவனுக்கு யாரும் இவ்வளவு நீளமாக எழுதமாட்டார்கள். துணி இன்னும் வேறு கடைக்குப் போகவில்லையாம். விடுதிக்காரம்மாவின் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கே கூப்பிட்டு, "அளவைத் தப்பா எடுத்தது நான்தாங்க" என்று சொல், சொன்னதை அக்காவிடம் சொல்லிக்காட்டாதே.

உன் அப்பா