கேட்காமல் வந்தவர்கள்

மார்ச் 30, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து உலை வைத்திருந்தேன். கிணற்றுப் பக்கம் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் மூன்று பையன்கள், இருபது இருபத்திரண்டு வயசிருக்கும். வேலி முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு மல்லிகைப் பாத்திக்கு நடுவே இரண்டு பைக்கை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பதினோரு செடி சாய்ந்து கிடக்கிறது. யாருப்பா நீங்க என்று கேட்டேன். தண்ணீருக்குள் இருந்தபடியே ஒருத்தன், "குளிக்க வந்தோம். தண்ணியக் குடிச்சிரவா போறோம்?" என்றான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

செடியைப் பாருங்கடா என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சின்னப் பசங்க. வெயிலு வேற. விடு ஸ்டெல்லா" என்றாக. விட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அதே மூன்று பேர். காதில் கடுக்கன் போட்டவன்தான் மற்ற ரெண்டு பேருக்கும் தலைவன் போல.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீக?"

"கெணறு என்ன உங்க அப்பன் வெட்டுனதா?"

"எங்க மாமனார் வெட்டுனதுடா. வெடி வச்சு, மூணு வருசமா வெட்டுனாக."

"அப்ப அவரை வரச் சொல்லு, பேசிக்கிறோம்."

மாமா இறந்து ஒன்பது வருசம் ஆச்சு. அதை அவனிடம் எதற்குச் சொல்ல? வந்துவிட்டேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துப் போயிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

காலையில் பூ எடுக்க வந்த சௌந்தரத்துக்குக் காலில் பாட்டில் சில்லு ஏறிவிட்டது. நேற்று நாங்கள் குருத்தோலைப் பவனிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து குடித்திருக்கிறார்கள். நாலு தையல். பாவம், "ரெண்டு நாள்ல வந்துருவேன் மதினி, பூவு கருகிரும்" என்கிறாள். பத்து வருசமாக என்னோடு பூ எடுக்கிறாள். நிலம் என்னுடையது, காயம் அவளுக்கு.

ஏப்ரல் 16, புதன்

வீட்டுக்காரரும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இவுகளால் படியேற முடியாது. சர்க்கரைக்குக் காலில் இரண்டு விரல் எடுத்ததிலிருந்து ஊன்றுகம்புதான். நான் மட்டும் உள்ளே போனேன். அங்கே இருந்தவர் நான் எழுதிக்கொண்டு போன மனுவை வாங்கி, படிக்காமல் பேப்பர்களுக்கு அடியில் வைத்தார்.

"குளிக்கத்தானம்மா வாரானுங்க? திருடுனானா? கையப் பிடிச்சு இழுத்தானா?"

இல்லை என்றேன்.

"கம்பிவேலி போடுங்க."

ஏப்ரல் 27, ஞாயிறு

கம்பிவேலி போட்டு ஐந்தாம் நாள். வெட்டிவிட்டார்கள். வெட்டிய கம்பியைச் சுருட்டிக் கேட்டின் மேல் மாலை போல மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மே 2, வெள்ளி

இன்று பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கியபோது கடைப் பையன் போனைக் காட்டினான். "அக்கா, இது நீங்கதான?"

நான்தான். கிணற்று மேட்டில் நின்று அந்தப் பையன்களைக் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ குத்துப்பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நான் ஆடுவது மாதிரி இருக்கிறது. மாராப்பு விலகியிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

கடைக்காரர் பையனை அதட்டினார். ஆனால் அவரும் பார்த்திருக்கிறார், முகத்தில் தெரிந்தது. பஸ்ஸில் ஊர் வரைக்கும் தலையைக் குனிந்தபடியே வந்தேன். தப்பு செய்தவள் மாதிரி! நான் ஏன் குனிய வேண்டும்?

இவுகளிடம் சொல்லவில்லை.

மே 10, சனி

சனிக்கிழமை வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டார்கள். நான் தடுத்தும் கேட்காமல் இவுக கம்பை ஊன்றிக்கொண்டு போனாக. "தம்பி, பொம்பளை இருக்க வீடு. இனிமே வராதீங்கப்பா" என்றாக. அவ்வளவுதான். அதைக்கூடத் தன்மையாகத்தான் சொன்னாக. அந்தக் கடுக்கன்காரன் இவுக மாதிரியே நொண்டி நொண்டி நடந்து காட்டினான். இன்னொருத்தன் போனில் பிடித்தான். இவுக கம்பை ஓங்கினாக. கடுக்கன்காரன் அதைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டான்.

முப்பது வருசம் லாரி ஓட்டின மனுசன். கம்பு இல்லாமல் நிற்க முடியாமல் புழுதியில் உட்கார்ந்துவிட்டாக. நான் தூக்கிவிட்டேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு கிணற்று மேட்டுக்குப் போனேன். கல் படி பாதி ஆழம் வரைக்கும்தான். அதற்குக் கீழே வெறும் பாறை. கோடையில் தண்ணீர் கடைசிப் படிக்கும் கீழே ஒன்றரை ஆள் ஆழத்துக்கு இறங்கிவிடும். பக்கத்துக் காட்டு வெள்ளத்துரை அண்ணன் மோட்டார் குழாயைப் பார்க்க இறங்குவதற்காக வடக்கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதைப் பிடித்துத்தான் இவன்களும் மேலே ஏறுகிறான்கள்.

அவிழ்த்தேன். இழுத்துச் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டினேன்.

சௌந்தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு மதினி?" என்றாள்.

"ஒரு நாளைக்கு ஏற முடியாம கெடக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

மே 11, ஞாயிறு

ஒரு பையன் செத்துப்போனான். நம்ம கிணத்துல.

மே 13, செவ்வாய்

தூக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும்.

மத்தியானம் பைக் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. இவுக கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாக. முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். தொப், தொப் என்று குதித்த சத்தம். வழக்கம்போல ஊளை. பிறகு சத்தம் மாறியது.

மாறியது எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இங்கேயும் எழுதினால் நான் யார்?

"அக்கா! அக்கா!" என்று கேட்டது. ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இதுவும் கேலி என்று நினைத்தேன். கெடக்கட்டும் என்றும் நினைத்தேன். ரெண்டும்தான். முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்து முடித்தேன். அப்புறமும் சத்தம் நிற்கவில்லை. "செத்துருவான்க்கா" என்று ஒருத்தன் அழுதான். அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

மோட்டார் ரூம் சாவி வீட்டில் இருந்தது. திரும்ப ஓடினேன். கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டி உள்ளே எறிந்தபோது ரெண்டு பேர் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேர்தான். மூன்றாவது ஆளைத் தேடினேன். தண்ணீர் அசையவே இல்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள். கடுக்கன்காரன்தான். பேர் சக்திகுமாராம். பாளையம்பட்டிப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா இல்லை.

போலீஸ் வருவதற்கு முன்னால் இவுக என் கையைப் பிடித்துக்கொண்டு, "கயிறு எப்பவும் போலத் தொங்குச்சு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசாத" என்றாக.

அப்படியே சொன்னேன். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மே 16, வெள்ளி

பிழைத்த ரெண்டு பேரும் கயிறு இல்லை, கயிறு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் நம்பவில்லையாம். "போதையில ஒளர்றானுங்கம்மா. நீங்க தைரியமா இருங்க" என்கிறார், அன்றைக்கு என் மனுவைப் பேப்பருக்கு அடியில் வைத்த அதே ஆள். அத்துமீறி நுழைந்ததாக அந்த ரெண்டு பேர் மேலேயும் கேஸ்.

வெள்ளத்துரை அண்ணன் சொல்கிறார், "இனி ஒரு பய இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்."

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

மே 18, ஞாயிறு

சௌந்தரம் பூ எடுக்க வருகிறாள். அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. முன்னால் ரெண்டு பேரும் ஒரே பாத்தியில் எதிரெதிராக நின்று எடுப்போம். இப்போது அவள் அடுத்த பாத்திக்குப் போய்விடுகிறாள்.

மே 25, ஞாயிறு

அந்தப் பையனின் அம்மா வந்தாக.

கேட் திறந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மெலிந்த உடம்பு, நாற்பத்தைந்து வயசிருக்கும். கேட்காமல் நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய் நின்றாக. அவுக வீட்டில் பேசுவது கன்னடம். அதில் தண்ணீரைப் பார்த்து ஏதோ சொன்னாக. எனக்குப் புரியவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாக என்று நினைத்தேன். சண்டை போட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

திரும்பி என்னிடம் வந்தாக. "நான் சௌடேஸ்வரி. சக்தியோட அம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாக. நான் பதறிப் பின்னால் போனேன்.

"வீடியோ பாத்தேன்மா. ஒரு பொம்பளைய எம்புள்ள இப்படிக் கேவலப்படுத்திருக்கான். உங்க வீட்டுக்காரர் கம்பையும் புடுங்கி எறிஞ்சானாம்ல. அவன் இருந்தா இழுத்துட்டு வந்து உங்க கால்ல விழ வச்சிருப்பேன். இல்ல. அதான் நான் வந்தேன். அவனை மன்னிச்சிருங்க. சாபம் எதுவும் விட்றாதீங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாக. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாக.

கயிற்றைப் பற்றி நான் சொல்லவில்லை. அவுக மன்னிப்புக் கேட்டாக, நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மே 26, திங்கள்

அந்தம்மா தண்ணீர் குடித்த செம்பை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

மே 29, வியாழன்

இவுகளிடம் சொன்னேன், போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று.

"சொன்னா அந்தப் பய எந்திரிச்சு வந்துருவானா?"

"வரமாட்டான்."

"அப்பறம்? உன்னைய உள்ள வச்சா எனக்குக் கஞ்சி ஊத்துறது யாரு?"

நியாயம்தான். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன், "அந்தம்மா என் கால்ல விழுந்தப்ப நீங்க சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

ஜூன் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னறையில் தறி. துணி போட்டு மூடியிருந்தது. சௌடேஸ்வரியம்மா பாயை விரித்து உட்காரச் சொன்னாக. நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"கெணத்துல ஒரு கயிறு உண்டு. அதைப் பிடிச்சுத்தான் ஏறுவாங்க. மொத நாள் சாயங்காலம் அதை நான் அவுத்துட்டேன். ஸ்டேஷன்ல பொய் சொல்லிட்டேன்."

அவுக அந்தப் பாயிலேயே உட்கார்ந்தாக. பிறகு, "கூப்புட்டானா?" என்றாக.

"கூப்புட்டாங்க. அக்கான்னு."

"நீங்க எங்க இருந்தீக?"

"வாசல்ல. உளுந்து புடைச்சிக்கிட்டு."

"கேட்டதும் போனீகளா?"

இல்லைன்னு சொன்னேன். மொறத்துல இருந்ததை முடிச்சிட்டுத்தான் போனேன்னு சொன்னேன். அதை மட்டும் சொல்லாம வந்திருக்கலாம். அவுக கேட்டாக. என்ன செய்ய?

எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாக. அழவில்லை, திட்டவில்லை. "போங்க" என்றாக. நான் படி இறங்கியதும் கதவைச் சாத்தினாக. உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் அழுகைச் சத்தம். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 4, புதன்

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னதை மாற்றி எழுதச் சொன்னேன்.

"ஏம்மா, நல்லா முடிஞ்ச விசயத்தை எதுக்குக் கிளர்றீங்க? இப்ப உங்க மேலல்ல கேஸ் வரும்."

"வரட்டும் சார். அந்த ரெண்டு பையங்க சொன்னது நெசம்."

"அவனுங்க உங்களை என்ன பாடு படுத்துனானுங்க!"

"ஆமா. படுத்துனானுங்க. அதையும் எழுதுங்க. இதையும் எழுதுங்க."

வெகுநேரம் காக்க வைத்துவிட்டு எழுதினார்கள். வாசித்துப் பார்த்தேன். 'கயிற்றை அவிழ்த்து வைத்தேன்' என்று ஒரு வரி. அவ்வளவு சின்னதாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கூப்பிடும்போது வர வேண்டுமாம். ஊரைவிட்டு வெளியே போகக் கூடாதாம். நான் எங்கே போகப் போகிறேன்?

ஜூன் 9, திங்கள்

இவுக பேசி ஐந்து நாள் ஆச்சு. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாக. வெள்ளத்துரை அண்ணன் புதுக் கம்பு சீவிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எடுக்கவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

வக்கீலைப் பார்த்தேன். ஜெயிலுக்குப் போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

சௌந்தரத்திடம் சொன்னேன், உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் கயிற்றை அவிழ்த்த அன்றைக்கு நான் சொன்னதை அப்படியே சொல்லிவிடு என்று. "நான் எதுவும் கேக்கல மதினி" என்றாள். கேட்டாய் என்றேன். கூடையை வைத்துவிட்டு அழுதாள்.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் ரோட்டோரம் ஒரு கார் வந்து நின்றது. நாலு பேர், நல்ல உடுப்பு. கேட்டைத் திறந்துகொண்டு பாத்திக்குள் நடந்து வந்தார்கள். ஒருத்தன் போனை உயர்த்திப் பிடித்துப் பேசிக்கொண்டே வந்தான். "இதாங்க அந்தக் கெணறு, பையன் செத்துப்போன கெணறு…"

இவுக உள்ளேயிருந்து, "ஸ்டெல்லா, ஆளு வந்திருக்கு" என்றாக. பதினெட்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

போனேன். வழக்கமாக வாயில் வருகிற வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அவர்களுக்கும் கிணற்றுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"யாரும்மா நீ? தள்ளு, வீடியோ எடுக்கணும்" என்றான்.

"எடுத்துக்கங்க. கிட்ட வராதீக. கரை சரியுது, உள்ள ஆழம்."

"உன் கெணறா?"

"என் கெணறுதான். அந்தப் பையன் பேரு சக்திகுமார். அவுக அம்மா பாப்பாக, பாத்துப் பேசுங்க."

அவன் போனை இறக்கவில்லை. என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். நான் மாராப்பைச் சரி செய்துகொண்டேன். தலையைக் குனியவில்லை. நல்ல வெயில். அவர்கள் காரில் ஏறிப் போகிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.