குழாயடிச் சேற்றில் எடுத்த அளவு

ஏங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மீன் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. கட்டிலடியில் இருப்பது கல்வராயன் மலைக்கு நீங்கள் போடப்போகும் ஷூ.

"கழனி பூட்ஸே போதும்டி, தண்ணி பூராது" என்று போன வாரம் கத்தினீர்கள். தண்ணீர் பூராதுதான், வியர்வையும் வெளியேறாதே! இது இலேசு, காற்றோட்டம் உண்டு, மழையும் நுழையாது. எனக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி வாங்கினேன்; அதைப் போட்டுக்கொண்டு விடியலில் ஏரிக்கரையில் நடந்தேன். பனியில் ஏரியே காணோம். மேகத்தின்மேல் நடப்பது போலிருந்தது. பக்கத்தில் நீங்கள்தான் இல்லை.

கால் அளவைக் கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். குழாயடிச் சேற்றில் பதிந்த உங்கள் காலடியைத் துடைப்பக் குச்சியால் அளந்துகொண்டுபோய் வாங்கினேன்.

வினோதினி

பி.கு: சேற்றில் கால் வழுக்கியிருக்கிறது; ஒரு சைஸ் கூடிவிட்டது. மலையிறங்கும்போது விரல் இடிக்காது என்றார் கடைக்காரர், நல்லதுதான்.

வண்டிச் சாவி வலது ஷூவுக்குள் இருக்கிறது. உதறி எடுக்காதீர்கள், காலை விட்டுத் தேடுங்கள்.