பூரணிக்கு ஒரு பள்ளிக்கூடம்

கண்டி,
12.1.1957

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வடிவேல் எழுதுவது.

இங்கே நான் சுகம். ராகலைக் குளிரில் நீங்களும் அத்தானும் பூரணியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

பூரணிக்காக, காது கேளாத பிள்ளைகளுக்கான இரண்டு பள்ளிகளையும் எங்கள் புடவைக்கடை லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டேன். அத்தான் சொன்ன வெள்ளைக்காரம்மா பள்ளி பெரிய பங்களா. கட்டில், பால், காலுக்குச் சப்பாத்து எல்லாம் உண்டு. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஆனால் இங்கிலீஷில் மட்டும்.

மற்றது மீனம்மா டீச்சர் வாடகை வீட்டில் நடத்துவது. கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் கொஞ்சம்தான், சத்தமோ சந்தை மாதிரி. உதடு பார்க்கும் படிப்பும் தமிழில்தான். "வீட்ல புள்ளைய எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று டீச்சர் கேட்டார். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் மனம் அந்த வாடகை வீட்டுப் பக்கம்தான்.

உங்கள் தம்பி,
வடிவேல்


ராகலை,
20.1.1957

தம்பி வடிவேலுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அத்தான், "ஒழுகுற வீட்ல விடவா எம்புள்ளைய பொத்திப் பொத்தி வளத்தோம்?" என்று சொல்லிவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிப் போய்விட்டார். எனக்கும் கோபம்தான். உனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் இப்படிச் சுலபமாக எழுதியிருக்க மாட்டாய்.

டீச்சரிடம் சொல். எங்கள் மாடிப் பலகைத் தரையில் காலால் தட்டுவேன். அதிர்வு பட்டதும் பூரணி திரும்பிப் பார்ப்பாள். சிமெந்துத் தரையில் யார் தட்டினால் அவளுக்குத் தெரியும்? எங்கேயும் வேண்டாம், என்னோடேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

அக்கா,
பரிமளம்


கண்டி,
29.1.1957

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். நீங்கள் எழுதியதை டீச்சரிடம் சொன்னேன். "அம்மாகாரி பாதிப் பாடத்த முடிச்சிட்டாங்களே. நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. புடிக்காட்டி கூட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

அத்தானிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பூரணி இங்கிலீஷ் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தால், நம் வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பாள்?

வடிவேல்


ராகலை,
18.4.1957

என் அன்புத் தம்பிக்கு,

பூரணியை மீனம்மா டீச்சரிடம் கொண்டுவந்து விட்ட நாளுக்குப் பிறகு நான் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. நல்லதாக எதையாவது எழுதினால் கண்பட்டுவிடுமோ என்ற பயம்தான்.

அன்று பள்ளி வாசலில் அழுதது நானும் அத்தானும்தான், அவளில்லை. சித்திரை லீவுக்கு நானே போய்க் கூட்டி வந்தேன். வந்த அன்று அத்தான் அவள் முகத்துக்கு நேராக, "தண்ணி கொண்டா" என்றார். வாயையே பார்த்திருந்தவள் உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். தாகமே இல்லாமல் மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொன்று. கூட்டிவரப் போனபோது பூரணியும் அவளோடு படிக்கும் நோர்வூட் ஊர்ப் பிள்ளை ராக்காயியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். "ரிப்பனுக்காக ரெண்டும் முடியப் புடிச்சிக்கிச்சுங்க" என்றார் டீச்சர். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஏழு வயதாகிறது தம்பி. இதுவரை அவளோடு சண்டை போட ஒரு பிள்ளைகூட இருந்ததில்லை.

உன் அக்கா,
பரிமளம்