கூரைக்கு எட்டாத குழாய்

இன்று காலை காற்று திசைமாறி வீசியபோது, அடுப்பே மூட்டாத நம் குசினிக்குள் பொரித்த பாரைமீன் மணத்தது. நீ போய் மூன்று மாரி கழிந்துவிட்டது. மணம் சீலிங்குக்கு மேலிருந்து இறங்கி வந்தது. அது ஏன் அங்கிருந்து வருகிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

பாலையூற்றில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுப்புக்கு மேலே நின்று புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒரு ஹூட். "ஊரான்ர கப்பலுக்கெல்லாம் குசினிக் குழாய் பூட்டுறியள், எனக்கும் ஒண்டு பூட்டித் தாங்கோவன்" என்று சீண்டினாய். துறைமுகத்தில் வெல்டராக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவன் நான். அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரைத் துளைத்தால் வேலை முடிந்தது. அளவெடுத்துக் கோடும் கீறிவிட்டேன். நீதான் மறித்தாய். அந்த ஓட்டைக்கு நேரே அயல்வீட்டு ரீச்சரின் சாமியறை யன்னல் இருந்தது.

"சஷ்டி விரதம் பிடிக்கிற மனிசி. மீன்புகையை அந்த அறைக்குள்ள விட்டுப்போட்டு எப்பிடி அவவின்ர முகத்தைப் பாக்கிறது? கூரையால விடுங்கோ."

கூரையைத் துளைக்க எனக்குப் பயம். பழைய அஸ்பெஸ்டஸ் சீற், வெடித்தால் மாரி முழுவதும் வீட்டுக்குள் மழைதான். குழாயைச் சீலிங்குக்கு மேலே ஒரு முழம் ஏற்றி, அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். மிச்சத்தைக் கோடையில் செய்யலாம் என்று எண்ணினேன். உன்னிடமோ, பின்பக்கக் கூரையால் புகை போகிறது என்று சொல்லிவிட்டேன். அதைப் பார்க்க வீட்டுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள இடுக்குக்குள் போக வேண்டும். உன் உடம்புக்கு அது சரிவராது என்று இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அதன் பிறகு மீன் பொரிக்கும்போதெல்லாம் என்னைத்தான் அனுப்புவாய். "இஞ்சாருங்கோ, புகை வெளியால போகுதோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ. ஆறுதலா நிண்டு பாருங்கோ." நான் போய் வெறுங்கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்து, "ஓம், நல்லாப் போகுது" என்பேன். எத்தனையோ கோடைகள் வந்து போயின.

பிறகு உனக்கு மூச்சிரைக்கும் முட்டு வந்தது. விறகடுப்பிலா சமைக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். "இல்லை டொக்டர், காஸ் அடுப்பு. புகை கூரையால போகுது, இவர்தான் பூட்டினவர்" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். பக்கத்தில் நின்ற நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் புகைதான் உன்னைக் கொண்டுபோனதா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளையும் இந்தக் காற்றையா சுவாசிப்பது என்ற எண்ணம் வந்ததும், கிண்ணியாவிலிருந்து கூரை வேலைக்காரர் ஒருவரை வரவழைத்தேன். சீலிங் பலகை ஒன்றைக் கழற்றித் தலையை உள்ளே விட்டவர், "சேர், இந்தக் குழாய் எங்கேயும் போகல்லியே" என்றார். பலகையின் மேற்பக்கமெல்லாம் எண்ணெய் கறுத்துப் பிசினாய்ப் படிந்திருந்தது. மகளின் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திடுக்கிடவே இல்லை.

"அம்மாக்குத் தெரியும் அப்பா. சீலிங் மஞ்சளா வர வர, நீங்கள் வேலைக்குப் போன நேரம் அவதான் பெயின்ட் அடிச்சவ. 'அப்பாட்டச் சொல்லாத, ரோசத்தில கூரையில ஏறி விழுந்துபோவார்' எண்டவ."

"தெரிஞ்சுகொண்டு பிறகேன் என்னைப் பாக்க அனுப்பினவ?"

"வெல்டிங் புகை குடிச்ச உங்கட நெஞ்சு, பொரிக்கிற நேரம் உள்ள நிக்க வேண்டாம் எண்டுதான்."

நாளைக்குக் கூரையைத் துளைக்கிறோம். இனி இந்த வீட்டில் பொரிக்கும் புகை உண்மையாகவே வெளியே போய்விடும். எனக்கு இந்த வயதிலும் முட்டு இல்லை. மதிலோரத்து நல்ல காற்றில் ஒரு பொய்யோடு நான் நின்ற நேரமெல்லாம், நீ உள்ளே நின்று எனக்கும் சேர்த்து அந்தப் புகையைக் குடித்திருக்கிறாய். மகள் சொன்னதிலிருந்து, இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் உன்னிடமிருந்து எடுத்ததாகவே இருக்கிறது.